செட்டிநாட்டு வீட்டில் வைஃபை: ரிப்பீட்டர், மெஷ், ஆக்சஸ் பாயிண்ட் – எது எதற்கு?

பட்டாலைத்தூண் கேட்டது:

வணக்கம். கானாடுகாத்தானுக்கு அருகில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. பங்காளிகள் நான்கு புள்ளிக்கும், அதாவது நான்கு குடும்பங்களுக்கும், பொதுவான அந்த வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதிலிருந்தே அதன் நீளத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் நானும் என் கணவரும் மட்டுமே இருக்கிறோம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு எல்லாரும் வந்து சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அலுவலகத்தையும் கையோடு கொண்டுவந்து, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வீடு முழுவதும் நடக்கிறார்கள்.

ஃபைபர் இணைப்பு முகப்பை ஒட்டிய அறையில் வந்து முடிகிறது. இணைப்புக் கொடுத்தவர்கள் அங்கே ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அதை ஒருவர் மோடம் என்கிறார், இன்னொருவர் ரௌட்டர் என்கிறார். வளவில், அதாவது முகப்பை அடுத்த முற்றப் பகுதியில், வைஃபை நன்றாகவே கிடைக்கிறது. இரண்டாம் கட்டில், வாசல்களுக்கு நேராக நிற்கும்போது ஓரளவு கிடைக்கிற சிக்னல், பக்கத்து அறைக்குள் இரண்டடி எடுத்து வைத்தவுடன் அறவே நின்றுவிடுகிறது. இது எனக்கு இன்னும் புரியாத புதிராக இருக்கிறது.

மூன்று கடைகளில் விசாரித்தேன். முதல் கடைக்காரர் ரிப்பீட்டர் ஒன்று போதும் என்றார். இரண்டாமவர் மூன்று பெட்டிகள் சேர்ந்த மெஷ் வாங்கச் சொன்னார். மூன்றாமவர் இரண்டுமே வீண்செலவு, கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயிண்ட் மாட்டினால்தான் சரிவரும் என்றார். மூவரும் காட்டிய பெட்டிகள் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. விலைச்சீட்டில் மட்டும் பெரிய வேறுபாடு இருந்தது. இவற்றுக்குள் உண்மையான வேறுபாடு என்ன என்பதை யாராவது பொறுமையாக விளக்க முடியுமா? ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல். சுவரைக் கொத்தவோ தரையைப் பெயர்க்கவோ பங்காளிகள் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். நானும் சம்மதிக்க மாட்டேன்.

ஓடும்கம்பி எழுதியது:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். தேவகோட்டைப் பக்கம் பல ஆண்டுகளாகக் கேமரா, நெட்வொர்க் வேலைகள் செய்துவருகிறேன். நீங்கள் சொல்வது போன்ற வீடுகள் சிலவற்றில் நானே தவறாகச் செய்து, பிறகு திருத்திக் கொடுத்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளைப் பெட்டி. குழப்பம் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. மோடம், ரௌட்டர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயிண்ட் என்பவை பெட்டிகளின் பெயர்கள் அல்ல, வேலைகளின் பெயர்கள். உங்கள் முகப்பில் இருக்கும் ஒரே பெட்டி இந்த நான்கு வேலைகளையும் பார்க்கிறது. ஆகவே அதை மோடம் என்றவரும் ரௌட்டர் என்றவரும் பாதி உண்மையைச் சொன்னார்கள்.

தெருவிலிருந்து வரும் ஃபைபரில் தகவல் ஒளியாக வருகிறது. அதை மின்குறியாக மாற்றுவது முதல் வேலை. தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் இந்த இடத்தில் இருந்த கருவிதான் மோடம். ஃபைபரில் இதற்கு ஓஎன்டி என்று பெயர்; பழக்கத்தால் எல்லாரும் மோடம் என்றே சொல்கிறார்கள், அதனால் பெரிய நட்டமில்லை. இரண்டாவது வேலை ரௌட்டருடையது. அந்தக் காலத்தில் முகப்பில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூருக்கு அந்த வீட்டின் விலாசம் ஒன்றுதான். உள்ளே எந்தப் புள்ளி எந்தக் கடிதத்தை எழுதியது என்று அவர் குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பார். ரௌட்டரும் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் உள் விலாசம் கொடுத்துவிட்டு, வெளியே ஒரே விலாசத்தோடு பேசுகிறது. பெட்டியின் பின்புறம் இருக்கும் கேபிள் துளைகள் ஸ்விட்சின் பகுதி. எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்று கற்றுக்கொண்டு அங்கே மட்டும் அனுப்புவது அதன் வேலை. முன்பு ஹப் என்று ஒன்று இருந்தது, அது வந்ததை எல்லாத் துளைக்கும் இரைத்துவிடும். இப்போது கடைகளில் அதைப் பார்ப்பதே அரிது. கடைசியாக, கேபிளில் வருவதை வானலையாக மாற்றி உங்கள் கைப்பேசிக்குத் தருவதுதான் ஆக்சஸ் பாயிண்ட்.

எனவே ஆக்சஸ் பாயிண்ட் என்பது ரௌட்டருக்கு மாற்றும் அன்று, தரம் குறைந்த ரௌட்டரும் அன்று. நான்கு வேலைகளில் கடைசி ஒன்றை மட்டும் தனியே எடுத்து, தேவைப்படும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம், அவ்வளவே. வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை போதும். ஆக்சஸ் பாயிண்ட் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

இனி மூன்று கடைக்காரர்கள் சொன்னதற்கு வருவோம். மூன்றிலும் இரண்டாம் கட்டில் ஒரு பெட்டி உட்கார்ந்து வைஃபை தருகிறது; அதனால்தான் உங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பெட்டிக்குத் தகவல் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதுதான். ரிப்பீட்டருக்கு வானலை வழியாக வருகிறது. சாதாரண ரிப்பீட்டர், தான் கேட்ட அதே அலைவரிசையிலேயே மறுபடியும் சொல்வதால் ஒவ்வொரு தகவலும் ஒரே காற்றை இருமுறை பிடித்துக்கொள்கிறது. ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் பெட்டிகளுக்கும் இயல்பாக வானலை வழியாகத்தான் வருகிறது. ஆனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே பெயரில், ஒரே கட்டுப்பாட்டில் ஒத்துப் பேசிக்கொள்கின்றன. விலை கூடியவற்றில் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்று தனி அலைவரிசையே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆக்சஸ் பாயிண்ட்டுக்குக் கேபிள் வழியாக வருகிறது. காற்று முழுவதும் கைப்பேசிகளுக்கே மிச்சம்.

அடுக்ககவாசி எழுதியது:

மேலே நண்பர் விளக்கியது சரிதான் என்றாலும், கேபிள்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் எங்கள் மூன்று படுக்கையறை அடுக்ககத்தில் இரண்டு பெட்டி மெஷ் வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஆணி கூட அடிக்காமல் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, இன்றுவரை குறை இல்லை. சுவரைத் தொடக் கூடாது என்பதே நிபந்தனையாக இருக்கும்போது மெஷ்தானே பொருத்தம்? ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பேசிக்கொண்டே நடந்தாலும் அழைப்பு அறுந்துபோகாமல் இருப்பது மெஷ்ஷில் மட்டுமே கிடைக்கும் வசதி அல்லவா?

ஓடும்கம்பி எழுதியது:

அடுக்ககத்துக்கு நீங்கள் சொன்னது முற்றிலும் பொருந்தும். அங்கே உட்சுவர்கள் மெல்லியவை, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒன்றோ இரண்டோ சுவர்தான் வரும். ஆச்சி வீட்டுச் சுவரின் கனம் வேறு. மெஷ் என்ற பெயரால் அலை சுவரைத் துளைத்துவிடாது. முதல் பெட்டியிலிருந்து இரண்டாம் பெட்டிக்கு வந்து சேர்வதே குற்றுயிராக இருந்தால், இரண்டாம் பெட்டி அந்தக் குற்றுயிரைத்தான் முழுக் கட்டம் காட்டிப் பரிமாறும். கைப்பேசியில் சிக்னல் நிறைந்திருக்கும், படம் மட்டும் சுழன்றுகொண்டே நிற்கும். இப்படி ஒரு வீட்டில் நான் மெஷ் வைத்துக் கொடுத்துவிட்டு, பத்தாம் நாள் திரும்பப் போய்க் கழற்றிவந்திருக்கிறேன்.

ஆச்சி கேட்ட புதிருக்கும் விடை இதில்தான் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் முன்வாசலில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் கடந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்தக் கோட்டில் சுவரே இல்லை. முகப்பு அறையிலிருந்து கசிந்து வரும் அலை திறந்த வாசல்கள் வழியாகத் தடையின்றி ஓடுகிறது. இரண்டடி விலகியவுடன் செங்கலும் சுண்ணாம்புமான கனத்த சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வந்துவிடுகின்றன. பட்டாலையில் பெல்ஜியம் கண்ணாடிகள் மாட்டியிருந்தால் அவற்றின் பின்புறப் பூச்சு உலோகம் என்பதால், அலை அங்கே மோதித் திரும்பும். கடைக்காரர் யாராவது வந்து சோதித்துப் பார்க்கும்போது நடுவாசல் நேரில் நின்று கைப்பேசியைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். கட்டிலை ஒட்டிய மூலையில் நின்று காட்டச் சொல்லுங்கள்.

நடந்துகொண்டே பேசுவது பற்றி ஒரு திருத்தம். எந்தப் பெட்டியை விட்டு எந்தப் பெட்டிக்குத் தாவுவது என்பதை இறுதியாக முடிவு செய்வது கைப்பேசிதான், மெஷ் அன்று. தாவுவதற்கு உதவும் விதிமுறைகள் மெஷ்ஷில் இருப்பது போலவே நல்ல ஆக்சஸ் பாயிண்ட்டுகளிலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்துவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என ஒன்றையொன்று மிதிக்காத சேனல்களைப் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அதே போல, மெஷ் பெட்டிகளையும் கேபிளால் இணைக்கலாம். அப்படி இணைத்துவிட்டால் அவை ஆக்சஸ் பாயிண்ட்டுகளாகத்தான் வேலை செய்கின்றன. ஆகவே மெஷ்ஷா, ஆக்சஸ் பாயிண்ட்டா என்ற கேள்வியே பாதி பொய்க் கேள்வி. கேபிளா, காற்றா என்பதுதான் மெய்யான கேள்வி.

கேபிள் என்றால் சுவரைக் கொத்த வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஓட்டுக்கு அடியில் கைமரங்களும் உத்தரமும் இருக்கின்றன. நிலைக்கு மேலே காற்றுப் போவதற்கு விட்ட திறப்புகள் இருக்கின்றன. பழைய கரண்ட் வயர் எப்படி ஓடியிருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள், அந்த மரப்பட்டை காட்டும் வழியிலேயே பெரும்பாலும் போய்விடலாம். ஆனால் கரண்ட் வயரோடு ஒட்டி இணையாக ஓடக் கூடாது. ஒரு சாண் தள்ளி ஓட வேண்டும், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை உண்டு. வீட்டின் நீளம் அதற்குள் அடங்கும் என்றாலும், ஏறி இறங்கி வளைந்து போவதையும் கயிறு பிடித்து அளந்துவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேளுங்கள். 1 ஜிகாபிட் வேகத்துக்கு இரண்டுமே 100 மீட்டர் வரை போதும். கேட் 6-இன் கூடுதல் பலன் 10 ஜிகாபிட் வேகத்தில்தான் தெரியும், அதுவும் சுமார் 55 மீட்டருக்குள். வீட்டுக்கு அது தேவையில்லை. பெயரைவிட முக்கியமானது உள்ளே இருப்பது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பது. இரண்டின் உறையிலும் ஒரே எழுத்துதான் அச்சாகியிருக்கும். பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தால் அலுமினியம் இலேசாக இருக்கும், நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். ஒரு கேபிளில் உள்ள நான்கு கம்பி இணைகளைப் பிரித்து இரண்டு இடத்துக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜிகாபிட் ஓடுவதற்கு நான்கு இணைகளும் வேண்டும், இரண்டு இணையில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும்.

அந்த உயரத்தில் பிளக் பாயிண்ட் இருக்காதே என்ற கவலையும் வேண்டாம். பிஓஇ (PoE) என்ற முறையில் தகவலும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகின்றன. 2003-இல் வந்த முதல் விதிமுறையே 15.4 வாட் வரை அனுப்பும். வீட்டு ஆக்சஸ் பாயிண்ட் பலவற்றுக்கு அது தாராளம். ஆனால் 24 வோல்ட்டைக் கேட்காமலே தள்ளும் மலிவு அடாப்டர்களும் அதே பெயரில் விற்கின்றன. விதிமுறைப்படியான கருவி, எதிர்முனையில் இருப்பது மின்சாரம் வாங்கக்கூடியதா என்று விசாரித்த பிறகுதான் அனுப்பும். இந்த மலிவுச் சரக்கு விசாரிக்காது. இரண்டையும் கலந்து மாட்டிக் கருவியைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

பட்டாலைத்தூண் எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு நன்றி. பேரன் உதவியோடு அளந்ததில், முகப்பு அறையிலிருந்து இரண்டாம் கட்டுக்கு வளைந்து போகும் வழி 48 மீட்டர் வருகிறது. பின்வாசலுக்கு அப்பால், வெட்டவெளியைக் கடந்து, தோட்டத்தில் ஓர் அறை இருக்கிறது. அங்கும் கேபிள் இழுத்துவிடலாமா?

இன்னும் இரண்டு ஐயங்கள். வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் இரண்டு முறை வருகிறது. ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. அதற்கு 5ஜி கைப்பேசி வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? மேலும், நாங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டுகிறோம். கோப்பு இறக்கும்போது கணினி 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றப்படுகிறோமா?

கணக்குநோட்டு எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு விடை சிறியது. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவைக் கணினி பைட்டில் சொல்கிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

5ஜி பற்றி: வைஃபை பெயரின் கடைசியில் உள்ள 5ஜி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது. கைப்பேசி நிறுவனங்கள் சொல்லும் 5ஜி, ஐந்தாம் தலைமுறை என்று பொருள்படும். இந்தியாவில் அது 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் விதிமுறை 1999-லேயே வந்துவிட்டது. இரண்டுக்கும் பெயரில் மட்டுமே உறவு. போதாக்குறைக்கு, வைஃபை 5 என்று மூன்றாவது ஐந்து ஒன்றும் பெட்டி அட்டைகளில் இருக்கிறது; அது 802.11ஏசி என்ற விதிமுறைக்கு 2018-இல் சூட்டிய எளிய பெயர். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் ஒரு நாளாவது கடையில் நின்று வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் சாதாரணக் கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கக்கூடியதாக இருந்தால் அந்தப் பெயரிலும் இணையலாம். அதில் வேகம் கூடுதல், ஆனால் சுவரைக் கடக்கும் வலு 2.4-ஐவிடக் குறைவு. பெட்டி இருக்கும் அறையிலும் வளவிலும் 5. சுவர் கடந்த இடத்தில் 2.4.

ஓடும்கம்பி எழுதியது:

தோட்டத்து அறைக்குச் செம்புக் கேபிள் வேண்டாம் ஆச்சி. நம் பக்கம் ஐப்பசியில் விழும் இடியை நீங்கள் அறிவீர்கள். வெட்டவெளியில் போகும் செம்புக் கம்பி, எங்கோ விழுந்த மின்னலின் அதிர்ச்சியைக் கூட வாங்கி, இரு முனையிலும் உள்ள பெட்டிகளைக் கொன்றுவிடும். அந்தத் தொலைவுக்கு மட்டும் உலோகக் கம்பி சேராத ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஒளியையும் மின்குறியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வைத்துவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டுக்குள் 48 மீட்டருக்குச் செம்பு போதும்.

பட்டாலைத்தூண் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கைமரத்தின் மேலாகக் கேபிள் போய்விட்டது. கீழே நின்று பார்த்தால் தெரியவில்லை, ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பும் உதிரவில்லை. புதிய ஆக்சஸ் பாயிண்ட் வருவதற்குள் சோதித்துப் பார்ப்போம் என்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரௌட்டர் ஒன்றை இரண்டாம் கட்டில் மாட்டினோம். மூலை அறையில் கூட 90-க்கு மேல் வேகம் வருகிறது. ஆனால் முகப்பில் இருக்கும் பிரிண்டரை இரண்டாம் கட்டில் உள்ள மடிக்கணினி தேடினால் கிடைப்பதில்லை. அதே மடிக்கணினியை வளவுக்குக் கொண்டுவந்து முகப்பு வைஃபையில் இணைத்தால் கிடைக்கிறது. எதில் தவறு செய்தோம்?

ஓடும்கம்பி எழுதியது:

கேபிளை அந்தப் பழைய ரௌட்டரின் வான் (WAN) என்று எழுதிய, நிறம் மாறிய துளையில் செருகியிருப்பீர்கள். அதனால் இரண்டாம் கட்டிலும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். அவர் தனி விலாசங்கள் கொடுத்துத் தனிக் குடித்தனம் நடத்துகிறார். மடிக்கணினி பிரிண்டரைத் தேடிப் போடும் கூக்குரல் அவரைத் தாண்டி முகப்புக்குப் போகாது.

செய்ய வேண்டியது இது. முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு கணினியை அந்த ரௌட்டரோடு மட்டும் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். முகப்புப் பெட்டியின் விலாசம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். முகப்புப் பெட்டி மற்றக் கருவிகளுக்குப் பங்கிடும் விலாச வரிசையில் அந்த 2 இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து டிஹெச்சிபி (DHCP) என்பதை அணைத்துவிடுங்கள். விலாசம் கொடுக்கும் வேலை அதோடு நின்றுவிடும். பிறகு கேபிளை வான் துளையில் அன்றி, லான் (LAN) துளைகள் ஏதேனும் ஒன்றில் செருகுங்கள். சில மாடல்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்றே ஒரு தெரிவு இருக்கும். இருந்தால் அதைத் தொட்டால் போதும், இவை எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும்.

பட்டாலைத்தூண் எழுதியது:

அந்தத் தெரிவு எங்கள் பழைய பெட்டியில் இல்லை. நீங்கள் சொன்ன வரிசைப்படியே பேரன் செய்தான். பிரிண்டர் கிடைத்துவிட்டது. சரியாகப் போகிறது என்பதால் புதிய ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டோம். அந்தப் பணத்தில் தோட்டத்து அறைக்கு ஃபைபர் போட ஆள் வருகிறார்கள்.